அமெரிக்காவை விட்டு வந்த பிறகும் மாநில வரி கட்ட வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியாவிலோ நியூ ஜெர்சியிலோ பத்துப் பதினைந்து வருடம் இருந்துவிட்டு சென்னை, கோவை, சிங்கப்பூர், லண்டன் என்று கிளம்பியவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. மத்திய அரசுக்கான வரியை எல்லாரும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்கள். மாநில வரி என்று ஒன்று தனியாக இருப்பது, இரண்டு மூன்று வருடம் கழித்து பழைய விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்து, அதை அங்கே இருக்கும் மச்சான் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பும்போதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. பெரிய தொகை சம்பந்தப்பட்டிருந்தால் அந்த மாநிலச் சட்டம் தெரிந்த ஒரு சிபிஏவிடம் (அமெரிக்காவில் உரிமம் பெற்ற கணக்காளர்) காசு கொடுத்துக் கேளுங்கள். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

330 நாள் வெளிநாட்டில் இருந்துவிட்டேன். அப்படியானால் மாநில வரியும் இல்லைதானே?

இல்லை. இந்த 330 நாள் கணக்கு முழுக்க மத்திய அரசினுடையது. தொடர்ச்சியான 12 மாதத்தில் 330 முழு நாள் வெளிநாட்டில் இருந்தால் அங்கே சம்பாதித்த சம்பளத்தில் ஒரு தொகை வரைக்கும் (2025க்கு 1,30,000 டாலர்) மத்திய வரிக் கணக்கிலிருந்து விலக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். மாநிலம் கேட்கும் கேள்வி வேறு: இந்த ஆள் இன்னும் நம்ம ஆளா, இல்லையா? நீங்கள் வருடம் முழுக்க திருச்சியில் இருந்தாலும் அந்தக் கேள்விக்கு 'ஆமாம், நம்ம ஆள்தான்' என்று அது பதில் சொல்ல முடியும். சொன்னால் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அதற்கு வரி.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. நியூயார்க், வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் மத்திய வருமானக் கணக்கிலிருந்துதான் தங்கள் கணக்கைத் தொடங்குகின்றன. அதனால் அங்கே குடியிருப்பவராகவே கருதப்பட்டாலும் மத்திய அரசு விலக்கிய சம்பளம் பெரும்பாலும் மாநிலக் கணக்கிலும் விலகிவிடும், வட்டி, டிவிடெண்ட், வாடகை மட்டும் மாட்டும். கலிபோர்னியா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மூன்றும் அந்த விலக்கையே ஏற்பதில்லை. மத்திய ரிட்டர்னில் பூஜ்ஜியம் காட்டியவருக்கு கலிபோர்னியா ரிட்டர்னில் முழுச் சம்பளமும் திரும்ப ஏறும்.

விதிவிலக்கும் உண்டு. ஓரிகனில் மத்திய அரசின் அந்த வெளிநாட்டுச் சோதனையில் தேறிவிட்டாலே குடியிருப்பவர் இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். மின்னசோட்டாவும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் அங்கே சொந்த வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் சலுகையை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஓரிகனின் ஹில்ஸ்பரோவிலிருந்து கிளம்பியவருக்கும் கலிபோர்னியாவின் சான் ஹோசேயிலிருந்து கிளம்பியவருக்கும் ஒரே நாளில் விமானம் ஏறினாலும் கதை வேறு வேறு.

அப்படியென்றால் மாநிலம் எதைப் பார்க்கிறது?

முதலில் டொமிசைல். உங்கள் நிலையான வீடு எது, எங்கே போனாலும் கடைசியில் திரும்பி வந்து சேரும் இடம் எது என்பது. ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு டொமிசைல்தான் இருக்க முடியும், புதிதாக ஒன்று ஏற்படும்வரை பழையது போகாது. இந்தக் கடைசி வரிதான் எல்லாரையும் மாட்டிவிடுவது. நீங்கள் கிளம்பினால் மட்டும் போதாது; போய்ச் சேர்ந்த இடத்தில் காலூன்ற வேண்டும், அங்கேயே இருக்கப் போகிற எண்ணமும் இருக்க வேண்டும். ஒரு வருடம் துபாய், ஒரு வருடம் சிங்கப்பூர், அப்புறம் பார்ப்போம் என்று சுற்றிக்கொண்டிருப்பவருக்குப் பழைய மாநிலம் விடாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

எண்ணம் என்று நீங்கள் வாயால் சொல்வதை யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, நடவடிக்கையை வைத்துத்தான் அளக்கிறார்கள். நியூயார்க்கின் தணிக்கை வழிகாட்டுதலில் ஐந்து விஷயங்கள் முக்கியம்: வீடு, தொழில் ஈடுபாடு, எங்கே எவ்வளவு காலம் செலவிடுகிறீர்கள், குடும்பம், அப்புறம் மனசுக்கு நெருக்கமான பொருட்கள். கடைசியைப் படித்துச் சிரிக்க வேண்டாம், நிஜமாகவே கேட்பார்கள். நம் வீடுகளில் அது கொலு பொம்மையும் லாக்கர் நகையும் கல்யாண ஆல்பமும்தான். அவை நியூ ஜெர்சியின் எடிசனில் ஒரு ஸ்டோரேஜில் கிடக்க, நீங்கள் மட்டும் இரண்டு சூட்கேஸோடு அடையாறில் இருந்தால் கேட்கிறவருக்கு என்ன தோன்றும்?

டொமிசைல் தவிர, நாள் கணக்கை வைத்து 'சட்டப்படி குடியிருப்பவர்' ஆக்கும் விதிகளும் உண்டு. நியூயார்க்கில் நிலையான தங்குமிடம் வைத்துக்கொண்டு 184 நாளோ அதற்கு மேலோ அங்கே இருந்தால் டொமிசைல் எங்கே இருந்தாலும் குடியிருப்பவர்தான். வெளிநாட்டில் வாழ்பவருக்கு இது அதிகம் பொருந்தாது.

எந்த மாநிலத்தில் இது தொல்லை, எதில் இல்லை?

டெக்சாஸ், ஃப்ளோரிடா, நெவாடா, டென்னசி, தெற்கு டகோட்டா, வயோமிங், அலாஸ்கா இவற்றில் தனிநபர் வருமான வரியே இல்லை. நியூ ஹாம்ப்ஷயர் வட்டி, டிவிடெண்டுக்குப் போட்டுக்கொண்டிருந்த வரியையும் 2025லிருந்து எடுத்துவிட்டது. டாலஸிலிருந்து கிளம்பியவர்கள் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். வாஷிங்டனில் 2022லிருந்து பெரிய மூலதன ஆதாயத்துக்கு வரி இருக்கிறது, பங்கு நிறைய வைத்திருக்கும் சியாட்டில்காரர்கள் அதை மட்டும் கவனிக்க வேண்டும்.

எளிதில் விடாத மாநிலங்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படுபவை கலிபோர்னியா, வர்ஜீனியா, தெற்குக் கரோலினா, நியூ மெக்சிகோ. இந்த வரிசையில் கலிபோர்னியாவைச் சேர்ப்பது பாதி உண்மை என்பது என் கருத்து. வரி விகிதம் அங்கே கூடுதல் (உச்சத்தில் 13.3 சதவீதம்), கேள்வி கேட்பதும் அதிகம், ஆனால் சட்டத்தில் வெளியேறுவதற்குத் தெளிவான ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். வர்ஜீனியாவில் டொமிசைல் இருந்தால் குடியிருப்பவர், முடிந்தது. கலிபோர்னியாவில் டொமிசைல் இருந்தும் குடியிருப்பவராக இல்லாமல் இருக்க முடியும்.

அந்த 546 நாள் விதி என்ன?

கலிபோர்னியாவில் டொமிசைல் உள்ள ஒருவர் வேலை ஒப்பந்தத்தின் பேரில் தொடர்ந்து குறைந்தது 546 நாள் மாநிலத்துக்கு வெளியே இருந்தால் அந்தக் காலத்துக்கு அவர் குடியிருப்பவர் இல்லை. நடுவே வந்து போகலாம், ஆனால் ஒரு வரி ஆண்டில் மொத்தம் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. 2025 ஜனவரி 1 அன்று வெளியே இருந்து கணக்கைத் தொடங்கினால் 546ஆவது நாள் 2026 ஜூன் 30. ஆக, ஒன்றரை வருடம். 'ஒரு வருட அசைன்மென்ட், தேவைப்பட்டால் நீட்டிப்போம்' என்று கடிதம் கொடுக்கும் நிறுவனங்கள் இதை யோசிப்பதே இல்லை. போகும் முன்பே இரண்டு வருடத்துக்கு எழுதி வாங்க முடியுமா என்று ஹெச்ஆரிடம் கேட்டுவிடுங்கள்.

இரண்டு தடை உண்டு. அந்தக் காலத்தின் எந்த ஒரு வருடத்திலும் வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்ற லாபம் போன்ற வருமானம் 2,00,000 டாலரைத் தாண்டினால் இந்தச் சலுகை இல்லை. பங்கு ஏறியிருக்கும் வருடத்தில் மொத்தமாக விற்று ஊரில் வீடு வாங்குகிறவர்கள் இதில்தான் விழுகிறார்கள். வரியைத் தவிர்ப்பதுதான் போவதன் முக்கிய நோக்கம் என்றாலும் இல்லை.

கூடவே போகும் கணவன் அல்லது மனைவிக்கும், அவரும் 546 நாள் வெளியே இருந்தால், இதே பாதுகாப்பு உண்டு.

இந்த விதியில் தேறவில்லை என்றால் உடனே குடியிருப்பவர் ஆகிவிட்டோம் என்று பயப்பட வேண்டாம். அப்போது மொத்தச் சூழ்நிலையையும் வைத்துப் பார்ப்பார்கள்: தற்காலிகமாகப் போனீர்களா, இல்லையா என்று. வேலையை விட்டுவிட்டு, அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஊருக்கு வந்துவிட்டவருக்கு வேலை ஒப்பந்தமே கிடையாது, அவருக்கு இந்த 546 நாள் விதி தேவையும் இல்லை. அவர் காட்ட வேண்டியது டொமிசைலே மாறிவிட்டது என்பதை. கலிபோர்னியா வரித்துறை 1031 என்ற எண்ணில் ஒரு கையேடு போட்டிருக்கிறது, உதாரணங்களோடு நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கிப் படித்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

நான் மட்டும் வேலைக்காக வெளிநாடு போகிறேன். மனைவியும் பிள்ளைகளும் கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டிலேயே இருக்கிறார்கள். எனக்கு வரி உண்டா?

பலர் நினைத்தே பார்க்காத சிக்கல் இது. பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கட்டும் என்று குடும்பத்தை விட்டுவிட்டு ஒருவர் மட்டும் கிளம்புவது சகஜம். 546 நாள் விதியில் நீங்கள் கச்சிதமாகத் தேறிவிடலாம், ஆனால் உங்கள் டொமிசைல் இன்னும் கலிபோர்னியாதான். அங்கே கணவன் மனைவி சம்பாதிப்பது இருவருக்கும் பாதிப் பாதி சொந்தம் என்பது சொத்துச் சட்டம். அதனால் நீங்கள் சிங்கப்பூரில் வாங்கும் சம்பளத்தில் பாதி உங்கள் மனைவியின் வருமானம், அவரோ கலிபோர்னியாவில் குடியிருப்பவர், ஆக அந்தப் பாதிக்கு அவர் வரி கட்ட வேண்டும்.

உங்கள் டொமிசைல் நிஜமாகவே மாறிவிட்டது என்றால் இந்தப் பாதிக் கணக்கு மாறும். ஆனால் மனைவி, பிள்ளை, வீடு மூன்றும் அங்கே இருக்க, என் நிலையான வீடு இப்போது வேறு ஊர் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? குடும்பம் வந்து சேரும்வரை பாதிக்கு வரி கட்டத் தயாராக இருப்பதுதான் நடைமுறை.

நியூயார்க்கில் 548 நாள் என்கிறார்களே?

பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தாலும் விதி வேறு. தொடர்ச்சியான 548 நாளில் குறைந்தது 450 நாள் வெளிநாட்டில் இருக்க வேண்டும். வேலை ஒப்பந்தம் தேவையில்லை. அதே 548 நாளில் நீங்களும், மனைவி அல்லது கணவரும் (சட்டப்படி பிரிந்திருந்தால் ஒழிய), 18 வயது ஆகாத பிள்ளைகளும் நியூயார்க் மாநிலத்தில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. குடும்பத்தை விட்டுவிட்டுப் போகிறவருக்கு இது உதவாது என்பது இதிலேயே தெரிகிறது.

மூன்றாவதாக ஒரு விகிதக் கணக்கு. 548 நாள் காலம் தொடங்கும் வருடத்திலும் முடியும் வருடத்திலும், அந்தந்த வருடத்தின் பங்குக்கு ஏற்றபடிதான் 90ஐப் பயன்படுத்த முடியும். 2025 ஜனவரி 1 அன்று தொடங்கினால் காலம் 2026 ஜூலை 2 அன்று முடியும். 2026இல் விழும் பகுதி 183 நாள். 183ஐ 90ஆல் பெருக்கி 548ஆல் வகுத்தால் 30 சொச்சம். ஆக, அந்த ஆறு மாதத்தில் 30 நாள்தான் நியூயார்க்கில் இருக்கலாம், முந்தைய வருடம் தலைகாட்டவே இல்லை என்பதற்காக மிச்சத்தை இங்கே கொண்டுவந்து சேர்க்க முடியாது. ஒரு நாளின் சில மணி நேரம் இருந்தாலும் அது முழு நாள். ஜேஎஃப்கேயில் விமானம் மாறுவதற்காக மட்டும் இருந்தது கணக்கில் வராது.

இது இல்லாமல் 30 நாள் விதியும் இருக்கிறது: நியூயார்க்கில் நிலையான தங்குமிடம் இல்லை, வெளியே நிலையான தங்குமிடம் இருக்கிறது, வருடத்தில் 30 நாளுக்கு மேல் நியூயார்க்கில் இல்லை. மூன்றும் சரியாக இருந்தால் டொமிசைல் அங்கேயே இருந்தாலும் குடியிருப்பவர் இல்லை.

நியூ ஜெர்சி, பென்சில்வேனியா?

இரண்டிலும் மேலே சொன்ன 30 நாள் விதி மாதிரியேதான், மூன்று நிபந்தனையும் அதே. எளிமையான விதி, ஆனால் கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆறு வாரம் எடிசனில் அக்கா வீட்டில் தங்கினால் அந்த வருடம் போச்சு. போய்விட்டு வரும் நாட்களைப் பக்கத்து மாநிலங்களில் பிரித்து வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு, அதில் தப்பு எதுவும் இல்லை. உங்களுக்காகப் பூட்டி வைத்திருக்கும் வீடு இருந்தால் முதல் நிபந்தனையே அடிபடும்.

வீட்டை விற்கவில்லை. வாடகைக்கு விட்டிருக்கிறேன். அது மட்டுமே பிரச்சினையா?

வாடகை வருமானத்துக்கு வரி உண்டு, அதில் மாற்றமே இல்லை. நிலமும் வீடும் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலம், நீங்கள் எங்கே வாழ்ந்தாலும், அந்த வருமானத்துக்கு வரி போடும். அதற்குக் குடியிருப்பவர் அல்லாதவருக்கான ரிட்டர்ன் தாக்கல் செய்தால் போதும், இதனால் நீங்கள் குடியிருப்பவர் ஆகிவிடுவதில்லை. வருடக் குத்தகை எழுதி வெளியாளுக்கு விட்டிருந்தால் நீங்கள் நினைத்தபோது வந்து தங்க முடியாது என்பது உங்களுக்குச் சாதகம். மாடி அறையை மட்டும் நமக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள்.

கலிபோர்னியாவில் ஒரு சின்ன விஷயம். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு, சொத்து வரிக்கான மதிப்பில் 7,000 டாலர் குறைத்துக் கொடுப்பார்கள். அதனால் மிச்சமாவது வருடத்துக்கு ஏறக்குறைய 70 டாலர். வாடகைக்கு விட்டுவிட்டுப் போகும்போது இதை ரத்துசெய்ய யாருக்கும் நினைவிருக்காது. கவுன்டி அலுவலகப் பதிவில் 'இதுதான் என் முதன்மை வீடு' என்று உங்கள் பெயரில் ஒரு அறிவிப்பு நிற்கும், வரித்துறையிடம் 'நான் அங்கே இல்லை' என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். 70 டாலருக்காக.

விற்கும்போது, குடியிருப்பவர் அல்லாதவர் என்றால் விற்பனை விலையில் 3.33 சதவீதத்தைக் கலிபோர்னியா முன்கூட்டியே பிடித்தம் செய்யும். லாபத்தில் இல்லை, விலையில். பிறகு ரிட்டர்ன் போட்டு அதிகமாகப் பிடித்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

லைசென்ஸ், ஓட்டு, வங்கி விலாசம் இதெல்லாம் அவ்வளவு முக்கியமா?

தனித்தனியாக எதுவும் முக்கியமில்லை, எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் முக்கியம். எனக்குத் தெரிந்து ஆள் மாட்டுவது நாள் கணக்கில் அல்ல, தன் கையெழுத்தே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் காகிதங்களில்தான்.

வங்கி விலாசத்திலிருந்து ஆரம்பிக்கலாம். பல அமெரிக்கப் புரோக்கர் நிறுவனங்கள் இந்திய விலாசம் கொடுத்தால் கணக்கை முடக்குகின்றன அல்லது வாங்க விடுவதில்லை, அதனால் எல்லாரும் தம்பி வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். வருடக் கடைசியில் வட்டி, டிவிடெண்ட் விவரம் சொல்லும் 1099 படிவம் அந்தக் கலிபோர்னியா விலாசத்தோடு அரசுக்குப் போகும். மாநில வரித்துறையின் கணினிக்குத் தெரிவது இவ்வளவுதான்: கலிபோர்னியா விலாசத்தில் ஒருவருக்கு வருமானம் வந்திருக்கிறது, ரிட்டர்ன் வரவில்லை. கடிதம் தானாகக் கிளம்பிவிடும். வெளிநாட்டு விலாசத்தை ஏற்கும் நிறுவனத்துக்குக் கணக்கை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் வரியில்லாத மாநிலத்தில் இருக்கும் சொந்தக்காரர் விலாசம் தேவலை, ஆனால் அதை நீங்கள் குடியிருக்கும் விலாசம் என்று பொய் சொல்லாமல் தபால் விலாசம் என்று மட்டும் கொடுங்கள்.

ஓட்டு விஷயத்தில் பயம் அதிகமாகவே பரவியிருக்கிறது. வெளிநாட்டில் வாழும் குடிமக்கள் கடைசியாக வாழ்ந்த மாநிலத்தில் ஓட்டுப் போட 1986ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது, அந்த உரிமையைப் பயன்படுத்தியதை வைத்து வரிக்காகக் குடியிருப்பை முடிவு செய்யக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. அதிபர், செனட், காங்கிரஸ் தேர்தலுக்கு ஓட்டுப் போடுங்கள். மாநில, உள்ளூர்த் தேர்தல்களுக்கும் சேர்த்து வாக்குச் சீட்டு கேட்பதுதான் வம்பு. வெளிநாட்டு வாக்காளர் விண்ணப்பத்திலேயே, திரும்பி வரும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்கும் ஒரு கட்டம் உண்டு. அதை யோசிக்காமல் டிக் அடிக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது கல்லூரிக் கட்டணம். மகளுக்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உள்மாநிலக் கட்டணம் வேண்டும் என்று பெற்றோர் 'நாங்கள் இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்கள்' என்று எழுதிக் கொடுப்பார்கள், அதே வருடம் வரித்துறையிடம் இல்லை என்பார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கட்டண வித்தியாசம் எவ்வளவு, வரி எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், சிலருக்கு வரி கட்டுவதே லாபமாகக்கூட இருக்கலாம்.

டிரைவிங் லைசென்ஸ் காலாவதியாகும்வரை பர்ஸில் இருப்பதை யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள், வெளிநாட்டிலிருந்து வந்து புதுப்பித்தால்தான் கேள்வி. இந்திய லைசென்ஸ், ஆதார், வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை ரசீது, இந்திய வருமான வரி ரிட்டர்ன் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். போர்டிங் பாஸையும்தான்.

சென்னையில் உட்கார்ந்து அதே அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறேன். சம்பளச் சீட்டில் இன்னும் மாநில வரி பிடிக்கிறார்கள்.

ஹெச்ஆர் உங்கள் வேலை இடத்தை மாற்றவில்லை என்று அர்த்தம். உடனே மாற்றச் சொல்லுங்கள், ஏனென்றால் வருடச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவத்தில் கலிபோர்னியா சம்பளம் என்று அச்சாகி வந்துவிட்டால் அப்புறம் அதை மறுக்க நீங்கள்தான் காகிதம் திரட்ட வேண்டும். பொதுவாக, குடியிருப்பவர் அல்லாத ஒரு ஊழியரின் சம்பளம், அவர் உடலால் எங்கே இருந்து வேலை செய்தாரோ அந்த இடத்தின் வருமானம். சென்னையில் செய்த வேலைக்குக் கலிபோர்னியா வரி கேட்க முடியாது. பிடித்ததைக் குடியிருப்பவர் அல்லாதவருக்கான 540என்ஆர் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்.

நியூயார்க் இதில் தனி ரகம். உங்கள் அலுவலகம் மன்ஹாட்டனில் என்று பதிவாகியிருந்து, உங்கள் வசதிக்காக வீட்டிலிருந்து வேலை செய்தால் அந்த நாட்களும் நியூயார்க்கில் வேலை செய்த நாட்களே என்பது அவர்கள் விதி. நிறுவனத்தின் தேவைக்காகவே வெளியே இருந்தால் மட்டும் விலக்கு. அதனால் கோயம்புத்தூர் வீட்டு மாடியிலிருந்து வேலை செய்கிறவர் முடிந்தால் நிறுவனத்தின் இந்தியக் கிளையின் ஊழியராக மாறிக்கொள்வது நல்லது.

ஃப்ரீலான்ஸ் ஆட்களுக்கும் ஓர் எச்சரிக்கை: தனிநபர் தொழில் என்றால் கலிபோர்னியா பார்ப்பது நீங்கள் இருக்கும் இடத்தை அல்ல, உங்கள் சேவையின் பலனை வாடிக்கையாளர் எங்கே பெறுகிறார் என்பதை. அரிசோனாவில் இருந்துகொண்டு கலிபோர்னியா நிறுவனங்களுக்குத் திரைக்கதை எழுதிய ஒருவர் வரி கட்ட வேண்டும் என்று அந்த மாநிலத்தின் வரி மேல்முறையீட்டு அலுவலகம் 2019இல் தீர்ப்புச் சொன்னது. அரிசோனாவுக்குச் சொன்னது அண்ணா நகருக்கும் பொருந்தும்.

ஆர்எஸ்யூ, போனஸ், 401கே?

போனஸ் எந்தக் காலத்து வேலைக்குக் கொடுக்கப்படுகிறதோ அந்தக் காலத்தில் நீங்கள் இருந்த மாநிலத்துக்குச் சேரும், கிளம்பிய பிறகு வந்தாலும். ஆர்எஸ்யூவும் (நிறுவனம் ஒதுக்கிவைத்து, சில காலம் வேலை பார்த்த பிறகு கைக்கு வரும் பங்குகள்) அப்படியே: கொடுத்த நாளிலிருந்து கைக்கு வரும் நாள்வரை எத்தனை வேலை நாள் கலிபோர்னியாவில் பார்த்தீர்களோ அந்தப் பங்குக்கு அங்கே வரி. நான்கு வருடத்தில் மூன்றை அங்கே கழித்திருந்தால் ஏறக்குறைய முக்கால் பங்கு. கைக்கு வந்த பங்கைப் பிறகு விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு, விற்கும்போது நீங்கள் குடியிருப்பவர் இல்லை என்றால், மாநில வரி இல்லை.

401கே, ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகள் விஷயத்தில் நல்ல செய்தி. குடியிருப்பவரும் அல்லாத, டொமிசைலும் இல்லாத ஒருவரின் ஓய்வூதிய வருமானத்துக்கு எந்த மாநிலமும் வரி போடக் கூடாது என்று 1996இல் வந்த மத்திய சட்டமே இருக்கிறது. கலிபோர்னியாவில் சேர்த்த பணம்தானே என்று அவர்கள் பங்கு கேட்க முடியாது. டொமிசைலைச் சுத்தமாக முறித்துக்கொள்வதன் பெரிய பலன் பலருக்கு இதுதான்.

இந்தியாவில் வரி கட்டிவிட்டேனே, இரட்டை வரி ஒப்பந்தம் காப்பாற்றாதா?

காப்பாற்றாது. இந்திய அமெரிக்க ஒப்பந்தம் அமெரிக்க மத்திய வருமான வரியைத்தான் பேசுகிறது, மாநிலங்கள் அதில் கட்டுப்பட்டவை அல்ல. வெளிநாட்டில் கட்டிய வரிக்குக் கலிபோர்னியா கழிவு தருவதில்லை. நியூயார்க் அமெரிக்காவின் மற்ற மாநிலங்களுக்கும் கனடாவின் மாகாணங்களுக்கும் கட்டியதற்குத் தரும், இந்தியாவுக்குக் கட்டியதற்குத் தராது. அதனால் இந்தியாவில் 30 சதவீத வரம்பில் இருக்கும் ஒருவரைக் கலிபோர்னியா குடியிருப்பவர் என்று முடிவு செய்தால், மாநில வரி அப்படியே கூடுதலாக விழும்.

நான் ஹெச்1பி வேலை விசாவில்தான் இருந்தேன். கிரீன் கார்டு கூட இல்லை.

அப்படியானால் உங்கள் வேலை சுலபம். விசாவை வைத்து மாநிலம் முடிவு செய்வதில்லை, ஆனால் வேலை முடிந்து, வீட்டைக் காலி செய்து, குடும்பத்தோடு சொந்த நாட்டுக்குத் திரும்பியவரை இன்னும் எங்கள் ஆள் என்று பிடித்து வைப்பது கஷ்டம். கிளம்பிய வருடத்துக்குப் பகுதி வருட ரிட்டர்ன் போட்டு முடியுங்கள்: கலிபோர்னியாவில் 540என்ஆர், நியூயார்க்கில் ஐடி-203.

கிரீன் கார்டு வைத்துக்கொண்டே போகிறவர் நிலை சங்கடமானது. கார்டைத் தக்கவைக்க 'நான் தற்காலிகமாகத்தான் வெளியே போகிறேன்' என்று குடியேற்றத் துறையிடம் சொல்ல வேண்டும். மாநில வரியிலிருந்து விடுபட 'நிரந்தரமாகப் போய்விட்டேன்' என்று சொல்ல வேண்டும். மறு நுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது என்ன எழுதினீர்கள் என்பதன் நகலை வைத்திருங்கள், இரண்டு இடத்திலும் ஒத்துப்போகும்படி எழுதுங்கள்.

கிளம்பும் முன் டெக்சாஸுக்கு மாறிவிட்டால் போதும் என்று ஒரு நண்பர் சொன்னார்.

நிஜமாக மாறினால் போதும். வீடு எடுத்து, சாமான் இறக்கி, லைசென்ஸ் மாற்றி, சில காலம் அங்கே வாழ்ந்துவிட்டுப் பிறகு வெளிநாட்டு வேலை வந்தது என்றால் டொமிசைல் டெக்சாஸ், அதற்குப் பிறகு கவலை இல்லை. ஆஸ்டினில் நண்பர் வீட்டில் இரண்டு வாரம் தங்கி ஒரு லைசென்ஸ் எடுத்துவிட்டு பெங்களூர் விமானம் ஏறுவது நாடகம், தணிக்கையில் நிற்காது. விமான டிக்கெட்டை எப்போது வாங்கினீர்கள் என்ற ஒரு கேள்வியிலேயே உடைந்துவிடும்.

கடிதம் வந்துவிட்டது. ஐந்து வருடமாக எதுவும் தாக்கல் செய்யவில்லை.

முதலில், பதில் போடாமல் இருக்காதீர்கள். ரிட்டர்னே போடாத வருடத்துக்குக் காலக்கெடு ஓடத் தொடங்குவதே இல்லை, பத்து வருடம் கழித்தும் கேட்கலாம். போட்டுவிட்டால் கலிபோர்னியாவில் நான்கு வருடம், நியூயார்க்கில் மூன்று வருடத்தோடு பொதுவாக முடியும். இதற்காகவே, மாநிலத்தில் சின்ன வாடகை வருமானம் இருந்தாலும், குடியிருப்பவர் அல்லாதவர் என்று ஒரு ரிட்டர்ன் போட்டு வைக்கச் சொல்வார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

கலிபோர்னியாவிலிருந்து ரிட்டர்ன் கேட்டு வரும் கோரிக்கைக் கடிதத்துக்கு அதில் குறிப்பிட்ட தேதிக்குள் பதில் கொடுக்காவிட்டால் வரியில் 25 சதவீதம் தனி அபராதம். நீங்கள் தாக்கல் செய்யத் தேவையில்லை என்றால் ஏன் என்று எழுதி, வெளிநாட்டில் வாழ்ந்ததற்கான காகிதங்களை இணைத்து அனுப்பினால் பல நேரம் அங்கேயே முடிந்துவிடும். அடுத்த கட்டமாக உத்தேச வரி விதிப்பு அறிவிப்பு வந்துவிட்டால் ஆட்சேபிக்க 60 நாள் இருக்கிறது. தபால் தம்பி வீட்டுக்குப் போய், அவர் பிரித்துப் பார்த்து, உங்களுக்கு அனுப்புவதற்குள் அதில் மூன்று வாரம் போயிருக்கும். அதனால் கையில் கிடைத்த அன்றே கடிதத்தின் தேதியைப் பார்த்து மிச்சம் எத்தனை நாள் என்று எண்ணுங்கள், சிபிஏவுக்கு அப்போதே போன் போடுங்கள்.